மங்கிய எழுத்தைத் தெளிவாக்கும் லென்ஸ்

வயது நாற்பதைத் தாண்டுகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அரிசியில் கிடக்கும் கல் கண்ணில் படுவதில்லை. மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் கொஞ்சம் தெரிகிறது. நாளாக ஆக, கையின் நீளமும் போதவில்லை.

இந்த வயதில்தான் பலர் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொடுகிறார்கள். மாலை வகுப்புக்கு வருகிறார்கள். கரும்பலகையில் 'படம்' என்று எழுதினால் படித்துவிடுகிறார்கள். அதே சொல் புத்தகத்தில் வந்தால் தடுமாறுகிறார்கள். "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்கிறார்கள். வெட்கப்பட்டு வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள்.

அவர்களுடைய அறிவில் குறை ஏதும் இல்லை. கண்ணில்தான் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அந்த மாற்றத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. அதுதான் வெள்ளெழுத்து. இது வயதானால் எல்லோருக்கும் வருவது. தலை நரைப்பதைப் போன்றது.

நரையை மாற்றச் சாயம் வேண்டும். வெள்ளெழுத்தைச் சரிசெய்ய, வளைவாகத் தேய்த்த ஒரு சிறு கண்ணாடித் துண்டு போதும். அதற்கு லென்ஸ் என்று பெயர். பள்ளிப் புத்தகங்களில் வில்லை என்றும் சொல்வார்கள். அது எப்படி வேலை செய்கிறது? எப்படிச் செய்கிறார்கள்? எதற்கெல்லாம் பயன்படுகிறது?

ஒளி திரும்புகிறது

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் நகருங்கள். பாத்திரத்தின் விளிம்பு நாணயத்தை மறைத்தவுடன் நின்றுவிடுங்கள். இப்போது வேறொருவரைப் பாத்திரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்த நாணயம் மீண்டும் தெரியும்.

நாணயம் நகரவில்லை. நீங்களும் நகரவில்லை. ஒளிதான் திரும்பியிருக்கிறது. நாணயத்திலிருந்து வரும் ஒளி, தண்ணீரை விட்டு வெளியே வரும்போது சற்றே வளைந்து உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

ஒளி ஏன் வளைகிறது? மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். நல்ல சாலையில் வண்டி நேராகப் போகிறது. சாலையை விட்டுச் சாய்வாகச் சேற்றில் இறங்குகிறது. ஒரு சக்கரம் முதலில் சேற்றில் இறங்கி மெதுவாகிவிடும். மற்றொரு சக்கரம் இன்னும் சாலையில் வேகமாக ஓடும். அதனால் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும்.

ஒளியும் அப்படித்தான். காற்றில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். வேகம் குறையும் இடத்தில் ஒளி சாய்வாக நுழைந்தால் அதன் பாதை திரும்புகிறது.

பருப்பின் வடிவம்

உடைக்காத முழு மசூர்ப் பருப்பைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாக இருக்கும். நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். லத்தீன் என்னும் பழைய ஐரோப்பிய மொழியில் அந்தப் பருப்புக்குப் பெயர் 'லென்ஸ்'. கண்ணாடித் துண்டும் அதே வடிவில் இருந்ததால் அதற்கும் அந்தப் பெயரே வந்தது.

லென்ஸில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்திருப்பது குவி லென்ஸ். இது தன் வழியே வரும் ஒளியை ஒன்றாகக் கூட்டி ஓரிடத்தில் குவிக்கும்.

நடுவில் மெலிந்து, ஓரத்தில் தடித்திருப்பது குழி லென்ஸ். இது ஒளியை விலக்கிப் பரப்பும்.

குவி லென்ஸை ஒரு துளித் தண்ணீரிலேயே பார்க்கலாம். எழுத்துகளின் மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு மேலே உப்பி நிற்கும். அதற்குக் கீழே உள்ள எழுத்து பெரிதாகத் தெரியும். அந்தச் சொட்டும் ஒரு லென்ஸ்தான்.

கண்ணுக்குள் ஒரு லென்ஸ்

மனிதனின் கண்ணுக்குள்ளும் ஒரு லென்ஸ் இருக்கிறது. அது கண்ணாடியால் ஆனதல்ல. தெளிவான, மென்மையான பொருளால் ஆனது. கண்ணின் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் அது இருக்கிறது.

வெளியே இருந்து வரும் ஒளியைக் கண்ணின் முன்பகுதியும் இந்த லென்ஸும் சேர்ந்து குவிக்கின்றன. குவிந்த ஒளி கண்ணின் பின்சுவரில் விழுகிறது. அந்தச் சுவருக்கு விழித்திரை என்று பெயர். திரையரங்கில் திரைமேல் படம் விழுவதைப் போல, விழித்திரைமேல் உருவம் விழுகிறது. நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது.

தூரத்து மலையைப் பார்க்கும்போது கண்ணின் லென்ஸ் மெலிந்திருக்கும். கையில் உள்ள புத்தகத்தைப் பார்க்கும்போது அது உப்பிக்கொள்ளும். லென்ஸைச் சுற்றியுள்ள சிறு தசை இந்த வேலையைச் செய்கிறது. மாற்றம் நடப்பதே தெரியாது.

வயது ஏற ஏற அந்த லென்ஸ் விறைத்துப் போகிறது. முன்போல உப்ப முடிவதில்லை. அதனால் மலை தெளிவாகத் தெரியும். புத்தகம் கலங்கும். கரும்பலகையைப் படிப்பவர் புத்தகத்தைப் படிக்க முடியாமல் திணறுவது இதனால்தான். இதுதான் வெள்ளெழுத்து. கண்ணுக்கு முன்னால் ஒரு குவி லென்ஸை வைத்தால் குறை தீர்ந்துவிடும். கண்ணின் லென்ஸ் செய்யாமல் விட்ட வேலையைக் கண்ணாடி லென்ஸ் செய்துவிடும்.

பிள்ளைகள் சிலருக்கு வேறு குறை வரும். புத்தகம் தெரியும். கரும்பலகை தெரியாது. கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். முதல் வரிசைக்கு ஓடுவார்கள். இதற்குக் கிட்டப்பார்வை என்று பெயர். பெரும்பாலும் கண் உருண்டை சற்று நீண்டிருப்பதால் இது வருகிறது. ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இதற்குக் குழி லென்ஸ் வேண்டும். அது ஒளியைச் சற்று விலக்கிவிட, உருவம் சரியாக விழித்திரையில் போய் விழும்.

அசாம் தேயிலைத் தோட்டத்தில்

மூக்குக்கண்ணாடி படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது.

தேயிலைச் செடியில் எல்லா இலையையும் பறிக்கக் கூடாது. இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த தளிரைத் தேடிப் பறிக்க வேண்டும். முற்றிய இலை சேர்ந்தால் தரம் கெடும். இதற்குக் கிட்டத்துப் பார்வை நன்றாக இருக்க வேண்டும். கை வேகமாக இருந்தாலும், கண் தளிரைக் கண்டுபிடித்தால்தானே பறிக்க முடியும்?

40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்கள் அந்த ஆய்வில் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். இரு பிரிவினரும் நாள்தோறும் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று குறித்துவந்தார்கள்.

முடிவு 2018-இல் வெளியானது. கண்ணாடி அணிந்தவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கூடுதலாகப் பறித்திருந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 22 சதவிகிதம் கூடுதல்.

அந்தத் தொழிலாளர்களின் உழைப்பு முன்பும் குறைவாக இல்லை. அவர்களுடைய கைகளுக்குக் கண் துணை செய்யாமல் இருந்தது. அவ்வளவுதான். தையல் தைப்பவர், பூ கட்டுபவர், பீடி சுற்றுபவர், நெசவு நெய்பவர், நெல்லில் பதர் நீக்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பவர் என்றால் என்ன?

கண்ணாடிக் கடையில் 'பவர்' என்று சொல்வார்கள். லென்ஸ் ஒளியை எவ்வளவு வலுவாகத் திருப்புகிறது என்பதுதான் பவர்.

தூரத்திலிருந்து வரும் ஒளியை ஒரு குவி லென்ஸ் 1 மீட்டர் தூரத்தில் குவித்தால் அதன் பவர் 1. அரை மீட்டரில் குவித்தால் பவர் 2. கால் மீட்டரில் குவித்தால் பவர் 4. குவியும் தூரம் குறையக் குறைய பவர் கூடும்.

குவி லென்ஸுக்குக் கூட்டல் குறி போடுவார்கள். குழி லென்ஸுக்குக் கழித்தல் குறி போடுவார்கள். '+2' என்றால் குவி லென்ஸ். '−2' என்றால் குழி லென்ஸ்.

வெள்ளெழுத்துக்கு நாற்பது வயதைத் தாண்டியவருக்குச் சுமார் +1 தேவைப்படும். ஐம்பது வயதில் சுமார் +2 ஆகும். அறுபதில் +2.5 அல்லது +3 வரை போகும். பிறகு பெரிய மாற்றம் இருக்காது. ஆளுக்கு ஆள் இது சற்று மாறும்.

வீட்டில் படிக்கும் கண்ணாடி இருந்தால் இதைச் சோதிக்கலாம். பகலில் சன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கு அருகே கண்ணாடியைப் பிடியுங்கள். மெல்லச் சுவரைவிட்டு நகர்த்துங்கள். ஓரிடத்தில் சன்னலின் உருவம் சுவரில் தலைகீழாக விழும். சுவருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் சுமார் அரை மீட்டர் என்றால் அது +2 கண்ணாடி.

ஒரு எச்சரிக்கை. எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. பார்வை போய்விடும். குவி லென்ஸை வெயிலில் வைக்கோல்மேலோ தாள்மேலோ போட்டுவைக்கவும் கூடாது. குவிந்த வெயில் தீப்பிடிக்க வைக்கும்.

மணலிலிருந்து லென்ஸ்

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். ஆனால் ஆற்று மணல் உதவாது. லென்ஸுக்கு மிகத் தூய வெள்ளை மணல் வேண்டும். மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடியில் பச்சை நிறம் ஏறும். சன்னல் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தால் அந்தப் பச்சை தெரியும்.

மணலோடு சோடா, சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து உலையில் உருக்குவார்கள். உலையின் சூடு சுமார் 1,400 முதல் 1,500 டிகிரி வரை இருக்கும். உருகிய கண்ணாடியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. கோடும் இருக்கக் கூடாது. அதற்காக நன்றாகக் கலக்குவார்கள். பிறகு மிக மெதுவாக ஆற வைப்பார்கள். சட்டென்று ஆறினால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிக் கண்ணாடி வெடிக்கும். சில வகைக் கண்ணாடி ஆறுவதற்குப் பல நாள் ஆகும்.

இப்படிப்பட்ட உயர்ந்த கண்ணாடிக்கு இந்தியா ஒரு காலத்தில் வெளிநாட்டையே நம்பியிருந்தது. 1950-இல் கல்கத்தாவில், யாதவ்பூரில், மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. லென்ஸுக்கான கண்ணாடியை உருக்கும் முறையை அங்குள்ள விஞ்ஞானிகள் தாங்களே உருவாக்கினார்கள். 1960-களில் அங்கே அத்தகைய கண்ணாடி தயாரானது. கருவிகளுக்கான லென்ஸை நம் நாட்டுக் கண்ணாடியிலேயே செய்ய வழி பிறந்தது.

ஆறிய கண்ணாடியைத் தடித்த வட்டத் துண்டுகளாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வேலை தேய்ப்பது. குழிந்த இரும்புக் கிண்ணம் ஒன்று சுழலும். அதில் எமரி என்னும் கடினமான தூளையும் தண்ணீரையும் விட்டுக் கண்ணாடியை அழுத்துவார்கள். கிண்ணத்தின் குழிவு எப்படியோ, அப்படியே கண்ணாடி உப்பி வரும். முதலில் கரடான தூள். பிறகு நைசான தூள். அடுத்து இன்னும் நைசான தூள்.

இந்தக் கட்டத்தில் லென்ஸ் பால்போல மங்கலாக இருக்கும். அதற்கு மெருகு ஏற்ற வேண்டும். மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு என்னும் தூள் பயன்படுகிறது. சீரியம் கிடைப்பது மோனசைட் என்னும் தாதுவிலிருந்து. கேரளத்தில் சவரா, தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சி ஆகிய இடங்களின் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. ஆக, லென்ஸ் பிறப்பதும் மணலில்தான். அதற்கு மெருகு வருவதும் மணலில் கிடைத்த பொருளால்தான்.

பிளாஸ்டிக் லென்ஸ்

இன்று மூக்குக்கண்ணாடிகளில் பெரும்பாலானவை உண்மையில் கண்ணாடியால் ஆனவை அல்ல. பிளாஸ்டிக்கால் ஆனவை. இதற்கு ஏற்ற தெளிவான, கெட்டியான பிளாஸ்டிக் 1940-களில் அமெரிக்காவில் உருவானது.

இதைச் செய்யும் முறை இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதைப் போன்றது. கண்ணாடியால் ஆன இரண்டு அச்சுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே திரவத்தை ஊற்றி ஓரத்தை மூடுவார்கள். சூடான அடுப்பில் பல மணி நேரம் வைப்பார்கள். திரவம் இறுகி லென்ஸ் ஆகிவிடும். அச்சின் வளைவே லென்ஸின் வளைவு.

இதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். மூக்கு வலிக்காது. கீழே விழுந்தாலும் எளிதில் நொறுங்காது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

அதனால் தூசி படிந்த லென்ஸை முந்தானையாலோ துண்டாலோ அப்படியே துடைக்கக் கூடாது. தூசியில் நுண்ணிய மணல் இருக்கும். மணலை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். முதலில் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

கடையில் நடப்பது

கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வட்டமாகத்தான் வரும். அங்கே அதன் பவரைக் கருவியில் வைத்துச் சரிபார்ப்பார்கள். நடுப்புள்ளியைக் குறிப்பார்கள். பிறகு சுழலும் சாணைக்கல்லில் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தின் வடிவுக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் சட்டத்தில் பொருத்துவார்கள்.

லென்ஸின் நடுப்புள்ளி கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிறார்கள். அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டால் தலை வலிப்பது ஏன்? பவர் மாறியிருக்கும். நடுப்புள்ளியும் விலகியிருக்கும்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுபவர்கள் உண்டு. அதில் மேல்பாதி தூரத்துக்கு. கீழ்ப்பகுதி படிப்பதற்கு. இந்தக் கண்ணாடியோடு படி இறங்கும்போது கவனம் வேண்டும். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்

வயதானால் சிலருக்குக் கண்ணின் லென்ஸ் வெளுத்துப் புகைபோல ஆகிவிடும். இதுதான் கண்புரை. இதைக் கண்ணாடி போட்டோ சொட்டு மருந்து விட்டோ நீக்க முடியாது. அறுவை செய்துதான் நீக்க வேண்டும்.

முன்பெல்லாம் புரையோடு லென்ஸையே எடுத்துவிடுவார்கள். கண்ணுக்குள் லென்ஸ் இல்லாமல் போய்விடும். அதற்குப் பதிலாகச் சுமார் +10 பவர் கொண்ட தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். ஊரில் 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்பார்கள். அது இருந்தால் பார்வை உண்டு. உடைந்தால் பார்வை இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டவர் இங்கிலாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகள் சிலரின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்திருந்தன. அந்தச் சில்லுகளால் கண் புண்ணாகவில்லை என்பதை ரிட்லி கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்தால் என்ன என்று யோசித்தார். 1949-இல் லண்டனில் ஒருவர் கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸை வைத்தார்.

பல ஆண்டுகள் இந்த லென்ஸ் இந்திய ஏழைகளுக்கு எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததால் விலை மிக அதிகம். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். அதன் தொடர்ச்சியாக 1992-இல் அரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் உருவானது. அங்கே செயற்கை லென்ஸைச் செய்யத் தொடங்கினார்கள். சுமார் 100 டாலர் விலையில் இருந்த லென்ஸ் சுமார் 10 டாலருக்குக் கிடைக்க வழி பிறந்தது.

அந்த லென்ஸின் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இருபுறமும் மெல்லிய கம்பிபோன்ற கைகள் இருக்கும். அவை லென்ஸைக் கண்ணுக்குள் நகராமல் பிடித்துக்கொள்ளும். இதன் பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கொசுவின் வயிற்றில் கண்டது

ஒரு லென்ஸ் பொருளைப் பெரிதாகக் காட்டும். சூரத் நகரில் வைரம் பட்டை தீட்டும் இடங்களில், கல்லைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு லென்ஸ் வழியே குறை பார்க்கிறார்கள்.

பல லென்ஸுகளை ஒரு குழாயில் வரிசையாக வைத்தால் இன்னும் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாகக் காட்டலாம். இதுதான் மைக்ரோஸ்கோப். தமிழில் நுண்ணோக்கி.

மலேரியாக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று மக்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துவந்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அதன் வழியே தெளிவாயிற்று. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் மலேரியா இருக்கிறதா என்று இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். காசநோய்க்குச் சளியைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியை லென்ஸ் காட்டிக்கொடுக்கிறது.

கண்ணாடிச் சீட்டைப் படியுங்கள்

படிக்கத் தெரிந்தவர் தன் சீட்டைத் தானே படிக்கலாம்.

சீட்டில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று வலது கண்ணுக்கு. மற்றொன்று இடது கண்ணுக்கு.

ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் + அல்லது − குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி மாறினால் கண்ணாடியே மாறிவிடும்.

தூரத்துக்கு ஓர் எண்ணும் கிட்டத்துக்கு ஓர் எண்ணும் தனித்தனியே இருக்கலாம். கிட்டத்துக்குக் கூட்ட வேண்டிய பவரை 'ஆட்' என்று எழுதுவார்கள்.

1.50 என்பதற்கும் 15.0 என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. புள்ளி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.

சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி செய்ய அது உதவும்.

சிலர் சொல்வதும் உண்மையும்

"கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும்" என்பார்கள். அது உண்மையல்ல. வெள்ளெழுத்து வயதோடு கூடும். கண்ணாடி போட்டாலும் கூடும், போடாவிட்டாலும் கூடும்.

"பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது" என்பார்கள். பலகை தெரியாத பெண் பிள்ளை படிப்பில் பின்தங்குவாள். அது வாழ்நாள் முழுவதும் இழப்பு.

"இலைச்சாறு விட்டால் பார்வை தெளியும்" என்பார்கள். கண்ணில் சாறு, எண்ணெய், தாய்ப்பால் எதையும் விடக் கூடாது. புண் வந்து பார்வையே போகலாம்.

"தெருவில் விற்கும் கண்ணாடி போதும்" என்பார்கள். அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். சிலருக்கு அது பொருந்தும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் தேவைப்படுபவருக்குப் பொருந்தாது. முக்கியமான ஆபத்து வேறு. பார்வை மங்குவதற்குப் புரை, சர்க்கரை நோய், கண் அழுத்த நோய் காரணமாக இருக்கலாம். சோதிக்காமல் கண்ணாடி வாங்கினால் அந்த நோய் மறைந்தே வளரும். அதனால் முதலில் சோதனை, பிறகு கண்ணாடி.

திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில்போல வட்டம் தெரிந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

பார்வையிழப்பைத் தடுக்க இந்திய அரசு 1976-இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின்கீழ் புரை அறுவை நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துத் தேவையானவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். வெள்ளெழுத்து உள்ள முதியவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கவும் திட்டத்தில் இடம் உண்டு.

அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கண் சோதிக்கும் நாள் எது என்று கேளுங்கள். ஊரில் கண் முகாம் நடந்தால் போய் வாருங்கள். நாற்பது வயது ஆனவர்கள் எல்லோரும் கண்ணைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

வகுப்பில் யாராவது புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாரா? பாதியில் வகுப்பை விட்டு நின்றவர் யாராவது இருக்கிறாரா? "உனக்குப் படிப்பு வராது" என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். கண் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். சரியான கண்ணாடி போட்ட பிறகு அதே புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் நாற்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கண் சோதித்தவர்கள் எத்தனை பேர்?

2. கண் மங்கியதால் வேலையை விட்டவர் யாராவது உங்கள் தெருவில் உண்டா? அவர் என்ன வேலை செய்துவந்தார்?

3. ஒரு கண்ணாடிச் சீட்டை எடுங்கள். வலது கண்ணின் பவர் என்ன? இடது கண்ணின் பவர் என்ன? அது குவி லென்ஸா, குழி லென்ஸா?

4. உங்கள் ஊருக்கு அருகில் கண் சோதனை எங்கே, எந்தக் கிழமையில் நடக்கிறது? விசாரித்து வகுப்புப் பலகையில் எழுதுங்கள்.